கொட்டை எழுத்துக்கு நாலு வார்த்தை போதும்

வேர்டைத் திறந்ததும் நம்மில் பலருடைய மவுஸ் தானாகப் போய் நிற்கும் இடம் ஒன்று உண்டு. டூல்பாரில் இருக்கும் 'பி' பட்டன். கிரகப்பிரவேச அழைப்பா, 'வீடு வாடகைக்கு' அறிவிப்பா, பிள்ளையின் பள்ளி புராஜெக்ட் அட்டையா, எதுவானாலும் கன்ட்ரோல் ஏ, அடுத்து கன்ட்ரோல் பி. மொத்தப் பக்கமும் கறுத்துவிடும். "இப்ப பளிச்சுன்னு இருக்கு பாருங்க" என்று பெருமையாகச் சொல்வார்கள். பளிச்சென்று இல்லை என்பதுதான் என் கருத்து. அதை விளக்க ஒரே ஒரு வகை ஃபாண்ட்டை எடுத்துக்கொள்கிறேன். வட்டமும் நேர்கோடும் முக்கோணமுமாக வரைந்த, முனைகளில் சிறு கோடுகள் இல்லாத, தடித்த ஆங்கில எழுத்துகள். ஜியோமெட்ரிக் சான்ஸ் செரிஃப் போல்டு என்பது இதன் முழுப்பெயர். பெயர் புதிதாக இருக்கலாம். எழுத்தை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். சினிமா டைட்டில், கோச்சிங் சென்டர் ஃபிளெக்ஸ், மொபைல் ஆப் லோகோ என்று எங்கும் இதுதான்.

உரக்கச் சொல்வதற்கு இதைவிட நல்ல எழுத்தை யாரும் வரைந்ததில்லை என்று நினைப்பவன் நான். அதனால்தான் அதை நாம் வீட்டில் பயன்படுத்தும் விதத்தைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

இந்தக் குடும்பத்தின் மூத்தவர்களில் ஒருவர் ஃப்யூச்சுரா. ஜெர்மனியைச் சேர்ந்த பால் ரென்னர் வரைந்தது. ஃபிராங்ஃபர்ட் நகரில் இருந்த பாவர் என்ற அச்செழுத்து வார்ப்பாலை 1927ல் இதை வெளியிட்டது. ரென்னர் பௌஹவுஸ் பள்ளியைச் சேர்ந்தவர் என்று பல இடங்களில் எழுதிவிடுகிறார்கள். அந்தப் பள்ளியின் சிந்தனைக்கு நெருக்கமானவர், அவ்வளவுதான். அங்கே அவர் பாடம் நடத்தியதில்லை. மியூனிக் நகரில் அச்சுத் தொழில் பள்ளியின் தலைவராக இருந்தார். நாஜிகளின் கலாசாரக் கொள்கையை எதிர்த்து 1932ல் ஒரு சிறு புத்தகம் எழுதினார். 1933ல் கைது செய்யப்பட்டார், வேலையும் போயிற்று. ஃபாண்ட் வரைகிறவர்களுக்கும் இப்படியெல்லாம் நடந்திருக்கிறது.

முதலில் ரென்னர் வரைந்த எழுத்துகள் இன்னும் விசித்திரமானவை. சின்ன 'ஆர்' எழுத்தை ஒரு கம்பும் அதன் பக்கத்தில் ஒரு புள்ளியுமாகப் போட்டிருந்தார். ஜியோமெட்ரி பாக்ஸை வைத்துக்கொண்டு வரைந்தால் அப்படித்தான் வரும். படிக்கிறவனுக்கு ஒத்துவராது என்பதால் அவற்றில் பல கடைசியில் கைவிடப்பட்டன. இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் இதுதான். கணக்கு கண்ணுக்கு விட்டுக்கொடுத்த பிறகுதான் ஃப்யூச்சுரா உருப்பட்டது.

வட்டம் இல்லாத வட்டம்

இதை நீங்களே வீட்டில் சோதித்துப் பார்க்கலாம். எம்எஸ் ஆபீஸ் வைத்திருப்பவர்களின் ஃபாண்ட் பட்டியலில் செஞ்சுரி காதிக் இருக்கும். மோனோடைப் நிறுவனம் 1991ல் வெளியிட்ட, இதே இனத்தைச் சேர்ந்த ஃபாண்ட். அதைத் தேர்ந்தெடுத்து, போல்டு கொடுத்து, அளவை 200 பாயின்ட் ஆக்கி, பெரிய எழுத்தில் 'எச் ஓ எச்' என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை டைப் செய்யுங்கள். இன்சர்ட் மெனுவில் ஷேப்ஸ் சென்று, ஷிஃப்ட் கீயை அழுத்தியபடி 'எச்'சின் அடிப்பாகத்தைத் தொட்டு ஒரு நேர்கோடு வரையுங்கள். 'ஓ' அந்தக் கோட்டைத் தாண்டிக் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும். மேலேயும் அப்படித்தான். இது பிழையில்லை. வட்டத்தை 'எச்'சின் அதே உயரத்துக்கு வரைந்தால் நம் கண்ணுக்கு அது குட்டையாகத் தெரியும். அதனால் வேண்டுமென்றே கொஞ்சம் நீட்டி வரைகிறார்கள்.

அதே 'ஓ'வின் தடிமனைப் பாருங்கள். பக்கவாட்டில் அதிகமாகவும் மேலும் கீழும் குறைவாகவும் இருக்கும். எல்லாப் பக்கமும் ஒரே தடிமன் வைத்தால் தலையும் காலும் வீங்கியதுபோல் தெரியும். மெல்லிய எழுத்தில் இந்த வித்தியாசம் மிகச் சிறியது. எழுத்து தடிக்கத் தடிக்க ஏமாற்று வேலையும் கூடிக்கொண்டே போகும்.

சின்ன 'ஈ' எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே ஒரு வளைவு, நடுவில் ஒரு குறுக்குக்கோடு, கீழே ஒரு வளைவு. மூன்று கோடுகளும் அவற்றுக்கு இடையே இரண்டு வெற்றிடங்களும் ஒரு சின்ன உயரத்துக்குள் அடங்கவேண்டும். கோடு தடித்தால் வெற்றிடம் சாகும். வெற்றிடம் செத்தால் அது 'ஈ'யா 'ஓ'வா என்பதே தெரியாது. எனவே டிசைனர் குறுக்குக்கோட்டை மெலிதாக்குவார், எழுத்தைக் கொஞ்சம் அகலமாக்குவார். சின்ன 'பி', 'டி' எழுத்துகளில் வளைவு வந்து கம்பைத் தொடும் இடத்தில் கோட்டை ஒல்லியாக்குவார். இல்லையென்றால் அங்கே மைக்கறை விழுந்ததுபோல் இருக்கும். ஃப்யூச்சுராவின் மெல்லிய வகையில் பெரிய 'ஏ' எழுத்தின் உச்சி ஊசிபோல் கூர்மையாக இருக்கும். போல்டு வகையில் அதே உச்சியைத் தட்டையாக வெட்டியிருப்பார்கள்.

அதாவது போல்டு என்பது ரெகுலர் எழுத்தின் மேல் இன்னொரு கோட்டு மை பூசியது அல்ல. ஒவ்வொரு எழுத்தையும் மறுபடி உட்கார்ந்து வரைந்த வேறொரு ஃபாண்ட். டைப் ஃபவுண்டரிகள் அதைத் தனி ஃபைலாகவே தருகின்றன. நாமோ அதை ஒரு பட்டன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

பெரிய கைகள் எப்படிப் பயன்படுத்தின

1969ல் அப்பல்லோ 11 நிலவில் விட்டுவந்த உலோகத் தகட்டில் இருப்பது ஃப்யூச்சுராவின் பெரிய எழுத்துகள்தான். அமெரிக்காவில் வோக்ஸ்வேகன் காருக்கு 1959ல் தொடங்கிய விளம்பர வரிசையும் இதே எழுத்தில் வந்தது. அவற்றில் மிகப் புகழ்பெற்ற விளம்பரத்தின் தலைப்பு 'திங்க் ஸ்மால்', இரண்டே வார்த்தை. இன்னொன்றின் தலைப்பு 'லெமன்', ஒரே வார்த்தை. சுற்றிலும் ஏகப்பட்ட வெள்ளை இடம். ஓவியர் பார்பரா க்ரூகர் சிவப்புப் பட்டையில் வெள்ளை நிறத்தில் எழுதும் வாசகங்களுக்கு இதன் சாய்ந்த போல்டு வகை. வெஸ் ஆண்டர்சன் 2001ல் எடுத்த 'தி ராயல் டெனன்பாம்ஸ்' படம் முழுக்க ஃப்யூச்சுரா போல்டு. 2008 அமெரிக்க அதிபர் தேர்தலில் ஒபாமாவின் பேனர்களில் வந்தது இந்த வகையில் பிற்காலத்தில் பிறந்த காதம். டோபியாஸ் ஃப்ரெர் ஜோன்ஸ் ஒரு ஆண்கள் பத்திரிகைக்காக 2000ல் வரைந்தது.

இந்த உதாரணங்களைத் திரும்ப ஒருமுறை பாருங்கள். தடித்து நிற்கும் இடங்களிலெல்லாம் வார்த்தைகள் சிலதான். யாரும் ஒரு பத்தி முழுவதையும் இதில் கொட்டவில்லை. சும்மாவா? வட்டத்தை வைத்து வரைந்த எழுத்துகள் எல்லாம் ஒன்றுக்கொன்று சொந்தக்காரர்கள். 'ஓ', 'சி', 'ஜி', 'கியூ' நான்கும் ஒரே அச்சு. பெரிய 'ஐ'யும் சின்ன 'எல்'லும் வெறும் கம்பு. இரண்டு மூன்று வார்த்தையில் இந்த ஒற்றுமை அழகு. இருபது வரியில் அதுவே தலைவலி.

எண்கள் இன்னும் மோசம். எங்கள் தெருவில் ஒரு இலவசக் கண் பரிசோதனை முகாமுக்கு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். முகாம் நடத்தியவர்கள் நல்ல மனதோடு செய்த காரியம், அதனால் பெயர் வேண்டாம். தலைப்பு முதல் 'அனைவரும் வருக' வரை எல்லாமே கொட்டை எழுத்து. கீழே முன்பதிவு செய்ய ஒரு போன் நம்பர், அதுவும் அதே தடிமனில், ஆனால் இடம் போதாததால் சின்ன அளவில். அதை ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஜெராக்ஸை மறுபடி ஜெராக்ஸ் எடுத்து ஒட்டியிருந்தார்கள். 3, 6, 8, 9 நான்கும் ஒரே உருண்டையாகிவிட்டன. பக்கத்து வீட்டுப் பெரியவர், கண்ணில் புரை விழுந்தவர், மூன்று முறை ராங் நம்பருக்குப் போட்டுவிட்டு "நம்பரே தப்பா போட்டுருக்கான் தம்பி" என்றார். நம்பர் சரிதான். படிக்க முடியவில்லை, அவ்வளவே. கண் சரியாகத் தெரியாதவர்களுக்கு என்று அடித்த நோட்டீஸ் அது! நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பக்கத்துத் தெருவில் ஒட்டியிருந்த தெளிவான பிரதியைப் பார்த்து எழுதிக்கொடுத்தேன். அந்தப் பிரதியைப் பார்க்க யாரும் இல்லாத வீடுகளில் என்ன செய்திருப்பார்கள்?

அந்த நம்பரை வெர்டானாவில் போட்டிருந்தால் பிரச்சினை வந்திருக்காது. சிரிக்காதீர்கள். மேத்யூ கார்ட்டர் மைக்ரோசாஃப்ட்டுக்காக வடிவமைத்து 1996ல் வெளியான வெர்டானா கம்ப்யூட்டர் திரைக்காகவே செய்த ஃபாண்ட். வாய் திறந்த எண்கள், தாராளமான இடைவெளி. பெரிய 'ஐ'க்கு மட்டும் மேலும் கீழும் சிறு கோடு போட்டு 'எல்'லிலிருந்து பிரித்திருப்பார்கள். அதன் போல்டு வகையில்கூட எழுத்துகள் ஒன்றையொன்று இடிக்காது. ஐகியா நிறுவனம் பல வருடங்களாக வைத்திருந்த ஃப்யூச்சுராவை 2009ல் தூக்கிவிட்டு வெர்டானாவுக்கு மாறியபோது டிசைன் உலகமே கொதித்தது. சின்ன எழுத்தில் ஐகியா செய்தது சரி, பெரிய தலைப்புகளில் செய்தது தப்பு என்பது என் கட்சி. வெர்டானாவை ஒரு அடி உயரத்தில் போட்டால் சப்பென்று இருக்கும். 2019ல் அவர்கள் அதையும் விட்டு நோட்டோவுக்குப் போய்விட்டார்கள்.

பட்டன் செய்யும் மோசடி

இனி அந்த 'பி' பட்டனுக்கு வருவோம். நீங்கள் தேர்ந்தெடுத்த ஃபாண்ட்டுக்கு போல்டு ஃபைல் உங்கள் கம்ப்யூட்டரில் இருந்தால் வேர்ட் அதை எடுத்துப் போடும். இல்லையென்றால் 'இல்லை' என்று சொல்லாது. ரெகுலர் எழுத்தின் ஓரங்களைத் தானே வீங்கவைத்து போல்டு மாதிரி காட்டிவிடும். மேலே சொன்ன சின்ன 'ஈ'யை நினைத்துக்கொள்ளுங்கள். டிசைனர் யோசித்து மெலிதாக்கும் இடங்களையெல்லாம் சாஃப்ட்வேர் கண்ணை மூடிக்கொண்டு தடிமனாக்குகிறது. அசல் வட்டம் உருக்குலைகிறது.

உங்கள் ஃபாண்ட்டுக்கு அசல் போல்டு இருக்கிறதா என்று பார்க்க, விண்டோஸ் 10, 11ல் செட்டிங்ஸ், பர்சனலைசேஷன், ஃபாண்ட்ஸ் சென்று அந்த ஃபாண்ட்டைக் கிளிக் செய்யவும். அதில் உள்ள வகைகள் எல்லாம் வரிசையாகத் தெரியும். போல்டு அங்கே இல்லையென்றால் நீங்கள் இதுவரை பார்த்தது போலி.

இன்னொரு பொறியும் உண்டு. வேர்டின் பழைய ஏற்பாட்டில் ஒரு ஃபாண்ட் குடும்பத்துக்கு ரெகுலர், இட்டாலிக், போல்டு, போல்டு இட்டாலிக் என்று நாலே இடம்தான். ஒன்பது தடிமன்களில் வரும் பாப்பின்ஸ் போன்ற ஃபாண்ட்டை நிறுவினால் மற்றவை 'பாப்பின்ஸ் மீடியம்', 'பாப்பின்ஸ் பிளாக்' என்று தனித்தனிப் பெயர்களில் பட்டியலில் நிற்கும். பிளாக் என்பது இருப்பதிலேயே தடித்தது. அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு அதன் மேல் 'பி'யையும் அழுத்துகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். குண்டாக இருப்பவருக்கு ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் மாட்டிய கதைதான். வேண்டிய தடிமனைப் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள், பட்டனைத் தொடாதீர்கள்.

தமிழில் டைப் செய்கிறவர்கள் கூடுதலாகக் கவனிக்கவேண்டியது ஒன்று இருக்கிறது. பாப்பின்ஸ் அகமதாபாத்தைச் சேர்ந்த இந்தியன் டைப் ஃபவுண்டரி வெளியிட்டது. ஆனால் அதில் ஆங்கிலமும் தேவநாகரியும்தான் உண்டு, தமிழ் இல்லை. நீங்கள் பாப்பின்ஸ் போல்டைத் தேர்ந்தெடுத்துத் தமிழில் அடித்தால் வேர்ட் சத்தமில்லாமல் நிர்மலா யுஐ போன்ற வேறொரு ஃபாண்ட்டைப் போட்டுவிடும். ஆங்கிலம் ஒரு ஜாதி, தமிழ் ஒரு ஜாதி என்று தலைப்பு கோணலாக நிற்கும். நிர்மலாவுக்காவது அசல் போல்டு உண்டு. ஒரே ஒரு ரெகுலர் ஃபைலோடு வரும் தமிழ் ஃபாண்ட்டுகள் எத்தனையோ. அவற்றின் மேல் 'பி'யை அழுத்தினால் முதலில் அடைபடுவது சுழிகள். 'ன'வுக்கு இரண்டு சுழி, 'ண'வுக்கு மூன்று. வீங்கிய எழுத்தில், சின்ன அளவில், அந்த மூன்றாவது சுழியை யார் எண்ணிப் பார்ப்பது? 'மணவிழா' என்று நீங்கள் அடித்தது தூரத்தில் 'மனவிழா' ஆகிவிடும். ஆங்கில 'ஈ'க்கு ஓட்டை ஒன்றுதான். நம் எழுத்துகளில் ஓட்டைகள் அதிகம், ஆகவே போலி போல்டின் சேதமும் நமக்கு அதிகம்.

ஆங்கிலமும் தமிழும் ஒரே கையால் வரைந்த குடும்பங்கள் இப்போது இலவசமாகவே கிடைக்கின்றன. பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த கட்டமரன், எக் டைப் நிறுவனத்தின் அனெக் தமிழ் இரண்டும் கூகுள் ஃபாண்ட்ஸில் இருக்கின்றன. இரண்டிலும் மெல்லியதிலிருந்து மிகத் தடித்தது வரை அசலாக வரைந்த வகைகள் உண்டு. இருமொழி அழைப்பிதழுக்கு என்னுடைய முதல் சிபாரிசு கட்டமரன்.

வெறும் ஆங்கிலத் தலைப்புக்கு என்றால் ஃப்யூச்சுராவேதான் வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். மேக் கம்ப்யூட்டரில் அது கூடவே வருகிறது. விண்டோஸில் வருவதில்லை, காசு கொடுத்து வாங்கவேண்டும். 2000களில் 'ஐயாயிரம் ஃபாண்ட்' என்று எழுதிய சிடிக்கள் விற்றன. என் கைக்கு வந்த ஒன்றில் ஃப்யூச்சுரா என்ற பெயரில் இருந்தது ரெகுலர் மட்டும்தான்; போல்டு, வழக்கம்போல, வேர்ட் வீங்கவைத்தது. திருட்டு ஃபாண்ட்டில் சட்டச் சிக்கலைவிட இந்தச் சிக்கல் கைமேல் பலன். ஆபீஸ் வைத்திருப்பவர்கள் பட்டியலில் 'டிடபிள்யூ சென் எம்டி' என்ற பெயரைத் தேடுங்கள். ஃப்யூச்சுராவுக்குப் போட்டியாக அமெரிக்காவில் சோல் ஹெஸ் என்பவர் 1937க்குப் பிறகு வரைந்த ட்வென்டியத் செஞ்சுரிதான் அது. அசல் போல்டோடு வருகிறது. இத்தனை வருடமாகப் பட்டியலில் சும்மா உட்கார்ந்திருக்கிறது. யாரும் சீண்டுவதில்லை, பெயர் அப்படி! இலவசத்தில் மான்செராட்டும் நல்லது. பியூனஸ் அயர்ஸ் நகரின் மான்செராட் பகுதியில் இருந்த பழைய போஸ்டர்களையும் கடைப் பலகைகளையும் பார்த்து ஹூலியட்டா உலனோவ்ஸ்கி வரைந்தது. தெருவில் பிறந்த எழுத்து என்பதால் தெருவில் ஒட்டினால் எடுபடுகிறது. கூகுள் ஃபாண்ட்ஸில் கிடைக்கும் இந்த இலவச ஃபாண்ட்டுகளைக் கடைக்கும் வியாபாரத்துக்கும்கூடத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஃபாண்ட்டையே தனியாக விற்கத்தான் கூடாது.

தலைப்பைப் போட்டபின் ஒரு வேலை பாக்கி. தடித்த பெரிய எழுத்துகளில் 'ஏ', 'வி' போன்றவை அருகருகே வந்தால் நடுவில் பல் விழுந்ததுபோல் ஒரு சந்து தெரியும். ஃபாண்ட் டயலாக் பாக்ஸில் அட்வான்ஸ்டு டேப் சென்று 'கெர்னிங் ஃபார் ஃபாண்ட்ஸ்' என்பதில் டிக் இல்லாவிட்டால் டிக் செய்யவும். அங்கேயே ஸ்பேசிங்கை கண்டென்ஸ்டு ஆக்கி அரை பாயின்ட் அல்லது ஒரு பாயின்ட் குறைத்தால் வார்த்தை இறுகி நிற்கும். கடையில் அச்சடிக்கக் கொடுப்பதாக இருந்தால் பிடிஎஃப் ஆக்கிக் கொடுங்கள். வேர்ட் ஃபைலாகக் கொடுத்து, கடைக்காரரின் கம்ப்யூட்டரில் அந்த ஃபாண்ட் இல்லாவிட்டால் பாடுபட்டது எல்லாம் ஏரியலாக மாறி வரும்.

வீட்டில் இங்க்ஜெட் வைத்திருப்பவர்களுக்குச் செலவுக் கணக்கும் உண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் கிரீன் பே வளாகம் 2010ல் தன் இமெயிலின் வழக்கமான ஃபாண்ட்டை ஏரியலிலிருந்து செஞ்சுரி காதிக்குக்கு மாற்றியது. அதன் ரெகுலர் வகை கோடுகள் மெல்லியவை, பிரின்ட் எடுத்தால் மை குறையும் என்பது காரணம். எழுத்து அகலமானது என்பதால் பக்கம் கூடும் என்ற ஆட்சேபமும் அப்போதே எழுந்தது. அதே ஃபாண்ட்டை முழுப் பக்கத்துக்கு போல்டாக அடித்தால் மையும் போகும், காகிதமும் போகும். கார்ட்ரிட்ஜ் விலை உங்களுக்கே தெரியும்.